ஊருக்குச் சொல்லும் முன் மகளுக்குச் சொல்லுங்கள்

பெண் பூப்படையும் நாளை மேளம் கொட்டிக் கொண்டாடும் வீடுகளில்கூட, அந்த நாள் எப்படி இருக்கும் என்று மகளிடம் முன்கூட்டிச் சொல்பவர்கள் குறைவு. வீட்டில் ஒரு நல்ல புத்தகமும், அதைச் சுற்றி அவ்வப்போது சில நிமிடப் பேச்சும் இருந்தால், அவள் பயமில்லாமல் அந்த நாளைக் கடப்பாள்.

பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர்வரிசை ஊர்வலமாக வந்து இறங்கும் மஞ்சள் நீராட்டு விழாக்களுக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம். எத்தனை தட்டு, என்னென்ன நகை, யார் என்ன மொய் என்று வந்தவர்கள் பேசிக்கொள்வார்கள். மேடையில் பட்டுச்சேலையும் மாலையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். அவளுக்கு அந்த வாரத்தில் கிடைத்த அறிவுரைகளைக் கேட்டுப் பாருங்கள். இனி ஓடக் கூடாது, பையன்களோடு விளையாடக் கூடாது, தனியாகக் கடைக்குப் போகக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. உடம்பில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த மாதம் என்ன ஆகும் என்பதை மட்டும் பல வீடுகளில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லும் செய்தியை, அதற்கு உரியவளிடம் ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எதிர்பாராமல் உள்ளாடையில் ரத்தத்தைப் பார்க்கும் பிள்ளை, தனக்கு ஏதோ காயம் அல்லது நோய் என்று நினைக்கிறாள். தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. இந்த அச்சத்தைத் தவிர்க்கப் பணம் தேவையில்லை, வசதி தேவையில்லை. வீட்டுப் பெரியவர்கள் வாய் திறந்தால் போதும்.

மௌனத்தின் விலை

நம் மாநிலத்தில் நடந்த மூன்று சம்பவங்களை மறக்க முடியவில்லை. 2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் மாதவிடாய்க் கறைக்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில், பூப்படைந்ததற்காக வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், அப்போதுதான் பூப்படைந்திருந்த 8-ஆம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். அந்தக் காணொலி வெளியே வந்த பிறகு பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

மூன்றிலும் தவறு பெரியவர்களுடையது, பிள்ளைகளுடையது அல்ல. பள்ளிகள் மாற வேண்டும், ஊர் மாற வேண்டும், அதற்கான சட்டமும் கண்காணிப்பும் வேண்டும். ஆனால் ஊர் மாறும்வரை நம் மகள் காத்திருக்க முடியாது. 'இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை' என்பதை வீட்டில் பல முறை கேட்டு வளர்ந்த பிள்ளை, வெளியே யாராவது அவமானப்படுத்தினால் அதை வீட்டுக்கு வந்து சொல்வாள். அவளுக்கு அந்தத் துணிச்சலைத் தருவது நம் கையில் இருக்கிறது.

எட்டு வயதில் ஏன் தொடங்க வேண்டும்?

"இப்பவே எதுக்கு? இன்னும் குழந்தைதானே!" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் முதல் தயக்கம். உடம்பு அப்படிக் காத்திருப்பதில்லை. பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சினைப்பைகளைத் தூண்டுகிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கியதும் மாற்றங்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிகின்றன.

பெரும்பாலும் முதலில் தெரிவது மார்பு வளர்ச்சி. காம்புக்கு அடியில் சிறு முடிச்சு தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். ஒரு பக்கம் முதலில் வந்து, மறுபக்கம் சில மாதங்கள் கழித்து வருவதும் இயல்புதான். இது தெரியாத அம்மாக்கள் கட்டியோ, புற்றுநோயோ என்று பதறுகிறார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பிள்ளையும் பதறுகிறாள். பிறகு அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் முடி முளைக்கும். வியர்வையின் வாடை மாறும். முகத்தில் பரு வரும். கிடுகிடுவென்று உயரம் கூடும். சில மாதங்களுக்கு முன் வாங்கிய யூனிஃபார்ம் ஏறாமல் போகும்.

முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் முன்பிருந்தே உள்ளாடையில் வெண்மையான அல்லது நிறமில்லாத திரவம் படலாம். அரிப்பும் துர்நாற்றமும் இல்லாதவரை இது நோயல்ல. உடம்பு தயாராவதன் அடையாளம். வெள்ளைப்படுவதால் உடம்பு உருகிப்போகும் என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிள்ளை, தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறாள். முன்பே சொல்லியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

மார்பு வளர்ச்சி தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடங்களில் முதல் மாதவிடாய் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் நடக்கும். ஆக, உடம்பே நமக்கு இரண்டு வருட அவகாசம் தருகிறது. எட்டு வயதில் உடம்பைப் பற்றிப் பொதுவாகப் பேசத் தொடங்கினால், மார்பு முடிச்சு தெரியும்போது 'இது வரும்னு சொன்னேன்ல, வந்துடுச்சு' என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடியும்.

நாம் ஏன் பேசுவதில்லை?

நமக்கு யாரும் சொல்லவில்லை என்பது முதல் காரணம். இன்று மகளை வளர்க்கும் அம்மாக்களில் பலர், சமையலறை ஓரத்தில் தனித் தட்டு, தனிப் பாய் என்று உட்காரவைக்கப்பட்ட பிறகுதான் தங்களுக்கு என்ன ஆயிற்று என்று ஊகித்தவர்கள். தோழி காதோடு சொன்னதும், அத்தை அதட்டிச் சொன்னதும்தான் அவர்கள் படித்த பாடம். வாய் வரை வந்த வார்த்தை அங்கேயே நின்றுவிடுவதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' சிறுகதை வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் பூப்படையும் ஒரு சிறுமியின் கதை அது. சுற்றி இருப்பவர்கள் ஏதேதோ செய்கிறார்கள். எதுவும் அவளுக்குப் புரியவில்லை. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும், அம்மா விளக்குவாள் என்று காத்திருக்கிறாள். ஊரிலிருந்து திரும்பும் அம்மா, வேறொரு கோபத்தில் சொல்லும் சில வார்த்தைகளில் அந்தப் பிள்ளையின் மனம் நொறுங்குகிறது. மகளை உயிராக நேசிக்கும் அம்மாவும் இந்த ஒரு தருணத்தில் தவறிவிடலாம் என்று காட்டும் கதை அது. மகளுக்குப் பத்து வயது ஆகும் முன் ஒவ்வொரு அம்மாவும் அதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. 'இதையெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப்போய்விடுவாள்.' உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2009-ல் வெளியிட்டு, 2018-ல் திருத்திய வழிகாட்டி இதற்குத் தெளிவான பதில் சொல்கிறது. உடல், பாலியல் குறித்து முறையாகக் கற்கும் பிள்ளைகள் அதனால் பாலுறவில் முன்கூட்டி ஈடுபடுவதில்லை. சரியான தகவல் அவர்களைப் பொறுமையாகவும் எச்சரிக்கையாகவும் இருக்கச் செய்கிறது. நாம் சொல்லாவிட்டாலும் பிள்ளை தெரிந்துகொள்ளத்தான் போகிறாள். கையில் கிடைக்கும் போனிலிருந்தும், பாதி மட்டும் தெரிந்த தோழிகளிடமிருந்தும் தெரிந்துகொள்வாள். அப்படி வந்து சேர்வதில் எது பொய், எது மெய் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியாது.

புத்தகம் செய்யும் உதவி

நேருக்கு நேர் உட்கார்ந்து பேச நா எழாத வீடுகளுக்குப் புத்தகம் பெரிய துணை. அது பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் வெட்கப்பட்டால் மூடி வைக்கலாம், மறுபடி தோன்றும்போது எடுக்கலாம். கேட்கக் கூச்சமான பக்கத்தை மட்டும் நான்கு தடவை தனியாகப் படிக்கலாம். அம்மாவுக்கும் அது சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் கொடுக்கிறது. எந்த உறுப்பை எந்தப் பெயரால் சொல்வது என்ற சங்கடத்தைப் புத்தகமே தீர்த்துவிடுகிறது.

இந்தியப் பிள்ளைகளுக்காகவே உருவானது 'மென்ஸ்ட்ருபீடியா' என்ற படக்கதைப் புத்தகம். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்த அதிதி குப்தாவும் அவருடைய கணவர் துஹின் பாலும் சேர்ந்து 2014-ல் இதைக் கொண்டுவந்தார்கள். தமிழ் உட்பட பல மொழிகளில் அது வந்திருக்கிறது. கதையில் மூன்று சிறுமிகள்: இன்னும் மாதவிடாய் வராத பிங்கி, கதை நடக்கும்போதே முதன்முறை வரும் ஜியா, ஏற்கெனவே வந்துவிட்ட மீரா. அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்குகிறார் டாக்டர் பிரியா அக்கா. படிக்கும் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இந்த மூவரில் ஒருத்தியாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பது இதன் சிறப்பு. நாப்கினை எப்படி வைப்பது, எப்படிச் சுருட்டிப் போடுவது, என்ன சாப்பிடுவது என்று எல்லாமே படங்களோடு இருக்கின்றன.

அறிவியல் புத்தகம் உடம்பைப் பற்றிச் சொல்லும். மனதைப் பற்றிச் சொல்லக் கதை வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1970-ல் எழுதிய 'ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்' நாவலில், பன்னிரண்டு வயதை நெருங்கும் மார்கரெட் தோழிகளுக்கெல்லாம் வந்துவிட்டது, தனக்கு மட்டும் இன்னும் வரவில்லையே என்று தவிக்கிறாள். தன் கடவுளிடம் தனியாகப் பேசுகிறாள். அந்த நாட்டிலேயே பல பள்ளி நூலகங்களில் எதிர்ப்பைச் சந்தித்த அந்தப் புத்தகத்தை, அம்மாக்களும் மகள்களும் இன்றும் கை மாற்றிக் கை மாற்றிப் படிக்கிறார்கள். 2023-ல் அது திரைப்படமாகவும் வந்தது. ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கித் தரலாம்.

நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த ஆன் ஃபிராங்கும் தன் உடல் மாறுவதையும் மாதவிடாயையும் பற்றி டைரியில் மனம் விட்டு எழுதினாள். 1947-ல் அந்த டைரியை முதலில் வெளியிட்டபோது அவளுடைய தந்தை சில அந்தரங்கப் பகுதிகளை நீக்கினார். பின்னாளில் வந்த பதிப்புகளில் அவையும் சேர்ந்தன. உயிருக்கே உத்தரவாதமில்லாத அறைக்குள்ளும் ஒரு சிறுமிக்குத் தன் உடம்பு பற்றிய வியப்பு இருந்தது என்று படிக்கும்போது, 'எனக்கு மட்டும்தான் இப்படியா?' என்ற கேள்வி நம் மகளிடமிருந்து விலகிப்போகும்.

வாசிப்புக்கும் பருவத்துக்கும் உள்ள உறவை நம் மண்ணில் சொல்ல, கவிஞர் சல்மாவின் வாழ்க்கையைவிட வேறு சாட்சி வேண்டாம். துவரங்குறிச்சியில் பிறந்த அவருக்கு, பருவமடைந்ததும் பள்ளி நின்றது. வீட்டுக்கு வெளியே உலகம் நின்றது. மளிகைச் சாமான் கட்டிவந்த காகிதத்தைப் பிரித்துக்கூடப் படித்தார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலை எழுதினார். உடம்பு வளர்ந்ததும் பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிய காலம் அது. நாம் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரானது: உடம்பு வளரும்போது கூடுதலாக ஒரு புத்தகம் கொடுப்பது.

கொடுக்கும் முன் நீங்கள் முழுவதும் படித்துவிடுங்கள். பிள்ளையின் வயதுக்கு அதிகம் என்று தோன்றும் பக்கங்கள் எவை, உங்கள் வீட்டு வழக்கத்தோடு ஒத்துப்போகாத இடம் எது என்று முன்பே தெரிந்திருந்தால் கேள்வி வரும்போது தடுமாற மாட்டீர்கள். புத்தகத்தைப் பீரோவுக்குள் ஒளித்து வைத்துக் கொடுக்காதீர்கள். மற்றப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியிலேயே அதுவும் இருக்கட்டும். ஒளித்துக் கொடுத்தால், ஒளிக்க வேண்டிய விஷயம் என்றுதான் அவள் புரிந்துகொள்வாள். அதேபோல, புத்தகத்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று விலகிவிடவும் கூடாது. இரண்டு நாள் கழித்து, "அதுல எந்தப் படம் பிடிச்சுது? ஏதாவது புரியலையா?" என்று கேளுங்கள். புத்தகம் தொடங்கி வைக்கும். பேச்சுதான் அதை மனதில் ஏற்றும்.

எப்படிப் பேசுவது?

'வா, உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்' என்று கதவைச் சாத்தினால் பிள்ளை பயந்துவிடுவாள். தலை பின்னும்போது, துணி மடிக்கும்போது, ஸ்கூட்டியில் டியூஷனுக்குக் கூட்டிப்போகும்போது என்று கண்ணைப் பார்க்காமல் பேசும் வாய்ப்புகள் தினமும் கிடைக்கின்றன. டிவியில் நாப்கின் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றாதீர்கள். அதில் நீல நிறத்தில் ஊற்றிக் காட்டுகிறார்கள், உண்மையில் வருவது ரத்தம் என்று அப்போதே சொல்லலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடத் தேவையில்லை.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எளிமையானவை. பதிலும் அவர்கள் மொழியில் இருக்கட்டும்.

"ஏம்மா ரத்தம் வருது?"

"உன் அடிவயித்துல கர்ப்பப்பைன்னு ஒண்ணு இருக்கு கண்ணு. மாசாமாசம் அதோட உள்பக்கம் கொஞ்சம் தடிக்கும். பின்னாடி குழந்தை உண்டானா வளர இடம் வேணும்ல, அதுக்காக. குழந்தை உண்டாகலைன்னா அந்தப் படலம் கரைஞ்சு ரத்தமா வெளிய வந்துடும். அடுத்த மாசம் புதுசா வளரும்."

"நிறைய ரத்தம் போயிடுமா?"

"இல்லடா. பார்க்க நிறைய மாதிரி தெரியும். அந்த நாலஞ்சு நாளும் சேர்த்தே ரெண்டு மூணு மேசைக்கரண்டிதான் இருக்கும். உடம்பு அதைத் திரும்பச் செஞ்சுக்கும்."

"வலிக்குமா?"

"சிலருக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், முதுகு வலிக்கும். முதல் ஒண்ணு ரெண்டு நாள்தான். சுடுதண்ணி ஒத்தடம் குடுப்பேன். தாங்க முடியலைன்னா டாக்டர்கிட்ட போவோம். பொறுத்துக்கோன்னு சொல்ல மாட்டேன்."

"ஸ்கூல்ல இருக்கும்போது வந்துட்டா?"

"பையில ஒரு சின்னப் பை வெச்சிருக்கேன். அதுல எல்லாம் இருக்கு. உனக்குப் பிடிச்ச மிஸ்கிட்ட சொல்லு, எனக்கு போன் பண்ணச் சொல்லு. பாவாடைல கறை பட்டா பட்டுட்டுப் போகுது, துவைச்சா போயிடும்."

"கோயிலுக்குப் போகக் கூடாதுன்னு பாட்டி சொல்றாங்களே, அது அழுக்கா?"

"அழுக்கு இல்லை. உன் உடம்புல ஓடுற அதே ரத்தம்தான். பாட்டி காலத்துல இருந்து ஒரு வழக்கம் இருக்கு. அதைப் பத்தி வேற வேற வீட்டுல வேற வேற மாதிரி நினைக்கறாங்க. நீ வளர்ந்து படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு உன் முடிவை எடு. ஆனா உன் உடம்பு அசுத்தம்னு யார் சொன்னாலும் நம்பாதே."

பதில் தெரியாத கேள்வியும் வரும். "நல்ல கேள்வி, எனக்கும் சரியாத் தெரியலை. பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். கேட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கைதான் அவளுக்கு முக்கியம். 'போடி, வயசுக்கு மீறின கேள்வி' என்று ஒருமுறை அடக்கினால், பெரிய ஆபத்து வரும்போதுகூட அவள் நம்மிடம் வர மாட்டாள்.

இந்தப் பேச்சோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்த உடம்பு அவளுடையது. அனுமதியில்லாமல் யாரும் தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அப்படி நடந்தால், செய்தவர் உறவினரே ஆனாலும் உடனே சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவள் மனப்பாடம் செய்திருக்கட்டும். எல்லா உறுப்புகளின் சரியான பெயரும் தெரிந்த பிள்ளைக்கு, தனக்கு நேர்ந்ததைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

அறிவுசார் குறைபாடு உள்ள மகளுக்கும் இதே உரிமை உண்டு. அவளுக்குப் படங்களும், திரும்பத் திரும்பச் செய்து காட்டுவதும் கூடுதலாகத் தேவைப்படும். சிவப்பு மை தொட்ட நாப்கினைக் காட்டி, அதை மாற்றுவதை மாதக்கணக்கில் நிதானமாகப் பழக்கலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

சொல்லிக் கொடுத்ததைச் செய்தும் பார்க்கட்டும். நாப்கின் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொடுங்கள். தன் உள்ளாடையில் ஒட்டிப் பார்க்கட்டும், ஒரு மணி நேரம் வைத்து நடந்து பார்க்கட்டும். பள்ளிப் பையில் வைக்க ஒரு சிறு பை: இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, கொஞ்சம் பழைய செய்தித்தாள், ஒரு கவர். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். கழிவறைக்குள் போடக் கூடாது. துணி பயன்படுத்துவதும் தவறில்லை. அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து, மூலையில் மறைத்துக் காயவைக்காமல் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். பிறப்புறுப்பை வெளிப்புறமாகத் தண்ணீரால் கழுவினாலே போதும்.

பொருள் கிடைப்பதில் தமிழ்நாடு நல்ல நிலையில் இருக்கிறது. வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கும் 'புதுயுகம்' திட்டம் 2011-12 காலத்திலேயே இங்கே வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் 98 சதவீதத்தினர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள். நாப்கின் வீட்டுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றிய பேச்சுதான் இன்னும் வந்து சேரவில்லை.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதவிடாய் தொடங்கும் முன்பே உணவைக் கவனிக்க இது போதுமான காரணம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, மீன், ஈரல் என்று நம் அடுப்பிலேயே தீர்வு உண்டு. சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் விழுங்கச் சொல்லுங்கள். 9 முதல் 14 வயது என்பது கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வயதும் கூட. குழந்தைநல மருத்துவரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கும் இதில் வேலை உண்டு

மகள் பூப்படைந்த மறுநாளிலிருந்து தள்ளி நிற்கும் அப்பாக்கள் நம் ஊரில் அதிகம். முந்தின வாரம் வரை தோளில் சாய்ந்திருந்த பிள்ளைக்கு, அப்பா ஏன் திடீரென்று விலகுகிறார் என்று புரிவதில்லை. தன் உடம்புதான் காரணம் என்று அவள் முடிவுக்கு வந்துவிடுகிறாள். அப்பா விளக்கவுரை ஆற்ற வேண்டாம். கடையில் தானே நாப்கின் வாங்கி, கறுப்புக் கவரில் மறைக்காமல் எடுத்துவந்து வைக்கலாம். "வயிறு வலிக்குதாடா? ஒத்தடம் வெச்சுத் தரட்டா?" என்று கேட்கலாம். அம்மா இல்லாத வீடுகளில் அப்பாவே எல்லாவற்றையும் சொல்லலாம். புத்தகம் அவருக்குக் கூடுதல் துணையாக இருக்கும்.

கோவை அருணாசலம் முருகானந்தம் 1998-ல் திருமணமான புதிதில், மனைவி எதையோ மறைத்து எடுத்துச்செல்வதைப் பார்த்துக் கேட்டார். அது பழைய துணி என்று தெரிந்ததும், மலிவு விலை நாப்கின் செய்ய முனைந்தார். ஊர் கேலி பேசியது. குடும்பமே அவரை விட்டு விலகிய காலமும் இருந்தது. அவர் உருவாக்கிய இயந்திரம் பிறகு நாடெங்கும் போனது. 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஓர் ஆண் கேள்வி கேட்டதால் விளைந்தது இது. நம் வீட்டு ஆண்களும் கேட்கலாம். மகனுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டும். அக்காவுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்து வளரும் பையன், வகுப்பில் யாருடைய பாவாடையில் கறை பட்டாலும் சிரிக்க மாட்டான்.

சடங்கு வேண்டுமா என்று அவளையும் கேளுங்கள்

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, உறவெல்லாம் கூடி வந்து பிள்ளையைச் சீராட்டுவதில் உண்மையான அன்பு இருக்கிறது. வளர்கிற உடம்புக்கு ஊட்டம் வேண்டும் என்ற அனுபவ அறிவும் இருக்கிறது. அதை விட வேண்டியதில்லை. விட வேண்டியது குச்சுக் குடிசையில் ஒதுக்கிவைப்பதை, தனித் தட்டை, பள்ளிக்கு விடுப்பெடுக்க வைப்பதை. தெருமுனையில் பிள்ளையின் படத்தைப் போட்டு வைக்கும் ஃபிளெக்ஸ் பேனரையும் விட வேண்டும். தன் உடம்பின் செய்தியைப் பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். விழா வேண்டுமா, யாரை அழைப்பது, வாட்ஸ்அப்பில் படம் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதை மதியுங்கள். தன் உடம்பைப் பற்றித் தான் சொன்னதை வீடு கேட்டது என்ற அனுபவம், எந்தச் சீர்த்தட்டையும்விட அவளுக்குப் பெரியது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தெரிந்தால்.
* 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டால். 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால்.
* ரத்தப்போக்கு 7 நாட்களுக்கு மேல் நீடித்தால். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் முழுதும் நனைந்தால்.
* பள்ளிக்கே போக முடியாத அளவுக்கு ஒவ்வொரு மாதமும் வலித்தால்.
* ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று மாதங்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால்.
* வெள்ளைப்படுவதோடு அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம் இருந்தால்.

முதல் ஓரிரு வருடங்களில் சுழற்சி 21 நாள் முதல் 45 நாள் வரை மாறி மாறி வருவது இயல்பு. முதல் மாதத்திலிருந்தே தேதியை நாட்காட்டியில் குறித்துவைக்கப் பழக்கினால், மருத்துவரிடம் சொல்ல அது உதவும்.

இந்த வாரமே தொடங்குங்கள்

மகளோடு பேசும் இந்த முதல் பேச்சு, பின்னால் வரும் எல்லாப் பேச்சுக்கும் வழி திறக்கிறது. பதினைந்து வயதில் முகப்பருவுக்காக அழும்போதும், பதினேழில் யாரையோ பிடித்திருக்கிறது என்று தடுமாறும்போதும், இருபதில் மாதவிடாய் சீராக இல்லை என்று கவலைப்படும்போதும், அவள் நம்மிடம் வருவாளா வேறெங்கோ போவாளா என்பது இப்போதே முடிவாகிறது. எட்டு வயதில் அவள் கேட்ட சின்னக் கேள்விக்கு நாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னோமா என்பதை அவள் நினைவில் வைத்திருப்பாள்.

உங்கள் மகளுக்கு எட்டு, ஒன்பது வயதென்றால் இந்த வாரம் புத்தகத்தைத் தேடுங்கள். பத்து, பதினொன்று என்றால் இன்று இரவே பேச்சைத் தொடங்குங்கள். ஏற்கெனவே பூப்படைந்துவிட்டாள் என்றாலும் தாமதமில்லை. "அன்னைக்கு உனக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை இடைமறிக்காமல் முழுவதும் கேளுங்கள். சொல்லாமல் விட்டதை அதன் பிறகு சொல்லுங்கள்.